நாரை வளர்த்த மருமகள்

தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பல் துலக்கும்போதுகூட வாய் ஓயாது. அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்ததோ வாயைத் திறக்கக் கூடாத வேலை.

உலகத்தில் மிச்சமிருந்த ஓர் அரிய இனத்து நாரைகளை எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றினாலும் சீட் மிஞ்சும். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள்.

"மனுஷக் குரல் பழகிட்டா, நாளைக்கு வேட்டைக்காரன் பக்கத்துலயும் போய் நிக்கும். உள்ளே மூச்சு விடக் கூடாது," என்றார் பறவை டாக்டர் அம்மா.

"நான் பேசவே மாட்டேன் மேடம். சின்ன வயசுலேர்ந்தே அமைதி. எங்க அம்மாகூட என்ன சொல்லுவாங்கன்னா…" அவள் சொல்லி முடிக்க டீ ஆறிவிட்டது. வேறு யாரும் வராததால் வேலை அவளுக்கே.

குஞ்சுகள் தாய் நாரை என்று நம்ப, முழங்கால்வரை வெள்ளை அங்கி, முகத்துக்குத் திரை, வலது கையில் நாரைத் தலைப் பொம்மை. அந்த அலகால் சேற்றைக் கொத்திப் புழு தேடக் காட்டுவாள். நான்கு குஞ்சுகளும் அவள் பின்னாலேயே குளத்தில் இறங்கும்.

ஒரு நாள், அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு மாமியார் பின்வாசல் வழியாக நுழைந்துவிட்டாள். குளத்துக்குள் வெள்ளையாக ஓர் உருவம் குனிந்து கொத்திக்கொண்டிருந்தது.

"ஐயோ, பேய்!"

டப்பா பறந்தது. குஞ்சுகள் அலறியடித்துக்கொண்டு நாணலுக்குள் புகுந்தன. பேச முடியாத மருமகள் அலகை ஆட்டி ஆட்டிப் 'போ, போ' என்று சைகை காட்ட, மாமியார் இன்னும் உரக்கக் கத்தினாள்.

வேலை போயிற்று என்றுதான் மருமகள் நினைத்தாள். டாக்டர் அம்மாவோ மாமியாருக்கு நாற்காலி போட்டார்.

"மனுஷங்களைக் கண்டா குஞ்சுங்க பயப்படணும். எங்களுக்கு அதைத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல. அப்பப்ப வந்து இதே மாதிரி கத்துவீங்களாம்மா?"

மாமியார் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வீட்டுல அதைத்தானே செய்றேன். இவதான் பயப்பட மாட்டேங்கிறா."

அதன்பின் தகரத் தட்டும் குடையுமாக வந்து, குஞ்சுகளை நாணலுக்குள் விரட்டுவது அவள் பொறுப்பு. தொண்டைக்கு இதமாகப் பண்ணையிலேயே வெந்நீர் கொடுத்தார்கள்.

சிறகு முற்றியதும் குஞ்சுகளைச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். மாமியாரும் கூடப் போய் ஒரு புதருக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். கூண்டைத் திறந்தும் நான்கும் நகரவில்லை. வெள்ளை அங்கியைச் சுற்றியே நின்றன. மருமகள் திரையை விலக்கி, அங்கியைக் கழற்றிப் போட்டாள்.

"போங்கடி," என்றாள்.

மனித முகத்தைக் கண்ட நான்கும் பதறி எழும்பி, நீருக்கு மேலே சிறகடித்து, தூரத்துப் புள்ளிகளாகிப்போயின.

"ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கலையே அத்தை."

மாமியார் அவள் முதுகைத் தடவினாள். "நல்லா வளத்திருக்கேடி."