முசியே அல்போன்ஸின் நாற்பது நாள்

செய்தி வந்தபோது என் இரண்டு கையும் ஒருவருடைய வாய்க்குள் இருந்தன. மூலக்குளத்தில் பல் மருத்துவமனை நடத்துகிறவளுக்கு எந்தச் செய்தியும் அப்படித்தான் வரும். உதவிக்கு இருக்கும் பெண் போனை என் காதருகே பிடித்தாள். பேசியவர் முசியே அல்போன்ஸின் மனைவி, அவரை முசியே என்பதுபோலவே பிரெஞ்சு மரியாதையில் நாமெல்லாம் மதாம் என்று கூப்பிடுகிறவர். "டாக்டரம்மா, அவரு காலையில போயிட்டாரு. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். நீங்க வரும்போது கைய முழங்கை வரைக்கும் கழுவிட்டு வாங்க. தொட்டியில கை வைக்க வேண்டியிருக்கும்" என்றார். நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பல்லுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனார்.

வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பவளம் வளர்த்து, வெட்டிய துண்டுகளை ஒருவரிடம் ஒருவர் வாங்கிக்கொள்ளும் நம் ஐந்து பேர் கூட்டம் இப்போது நான்கு பேர் கூட்டம். அவரைப் பற்றி எழுதும் வேலையை மூன்று பேரும் சேர்ந்து என் தலையில் கட்டினீர்கள். நான் மறுபேச்சு பேசாமல் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் தொட்டியில் புழு விழுந்ததே, நாமெல்லாம் அவரைப் பிடித்து ஓட்டு ஓட்டென்று ஓட்டினோமே, அது அவர் தப்பு இல்லை. என் தப்பு. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முசியே பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்த்து, பென்ஷனோடு குருசுக்குப்பத்துக்குத் திரும்பியவர். புதிதாக வாங்கும் எந்தப் பவளமும் அவர் வீட்டில் நேராகப் பெரிய தொட்டிக்குள் போனதில்லை. முதலில் மருந்துத் தண்ணீரில் குளியல். பிறகு பின்னறையில் தனித் தொட்டி. தொட்டிமேல் ஓர் அட்டை, அதில் பெயர், சேர்த்த நாள், வீட்டுக்கு அனுப்பும் நாள். ஐந்து வாரம் வைத்தால் போதாதா, ஒரு மாதம் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். "இப்பிடித் தனியா வெக்கிறதுக்கு பிரெஞ்சுல கராந்தேன்னு பேரு. கராந்தேன்னா நாப்பது நாளு. முப்பத்தொம்பது நாளுக்கு அந்தப் பேரு கெடயாது."

கடல் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் அவர் பவளத் தொட்டிக்கென்றே விற்கும் பாக்கெட் உப்பை வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் கரைத்துத்தான் தொட்டியை நிரப்புவார். பக்கத்து வீட்டு மீனவர் ஒருநாள் என் முன்னாலேயே கேட்டுவிட்டார். "இன்னா முசியே, எதிர்ல இவ்ளோ கடலு கெடக்குது, நீங்க உக்காந்து உப்பு கரைக்கிறீங்களே?" முசியே கரண்டியை நிறுத்தவில்லை. "அந்தக் கடல நாப்பது நாளு தனியா வெச்சிப் பாத்தது யாருப்பா?" என்றார். நான் ஒரு ரோஜாச் செடி கொடுத்தேன், அதையும் மற்ற செடிகளோடு சேர்க்காமல் கிணற்றடியில் தனியாக வைத்தார். நான் கோபித்துக்கொண்டேன். செடியும் கோபித்துக்கொண்டு செத்துப்போனது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மகளுக்குப் பிரசவம் என்று அவரும் மதாமும் இரண்டு மாதம் பாரிசுக்குப் போனார்கள். வீட்டுச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார். அவர்கள் திரும்ப எட்டு நாள் இருக்கும்போது சென்னைக் கடையொன்றில் பண்ணையில் வளர்ந்த ஊதா நிறக் கொம்புப் பவளம் ஒன்றைப் பார்த்தேன். அவர் வந்து விளக்கைப் போட்டதும் அது தொட்டி நடுவில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. தனியாக வைக்க நாள் எங்கே இருக்கிறது? ஐந்து நிமிடம் மருந்தில் அலசி உள்ளே வைத்துவிட்டேன். படித்தவள்தான், என்ன பிரயோசனம்.

வந்தவர் சொக்கிப்போனார். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் தொட்டி முன்னால் குந்தினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எத்தினி நாளு தனியா வெச்சீங்க?"

"நாப்பது" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

மூன்று வாரத்தில் அவருடைய பச்சைக் கொம்புப் பவளம் அடியிலிருந்து வெளுக்கத் தொடங்கியது. சுண்டுவிரல் அளவில் வாங்கி, பதினோரு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அவர் வளர்த்தது அது. தூக்கி மருந்துத் தண்ணீரில் போட்டு, காது கழுவும் ரப்பர் பல்பால் பீய்ச்சினார். வெள்ளை வாளியின் அடியில் தட்டைப்புழுக்கள் உதிர்ந்து நெளிந்தன. பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கொண்டு அதையே தின்கிற புழு, விழுந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். முசியே கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "நாப்பது நாளு ஒளிஞ்சிருந்து வந்திருக்குது. கெட்டிக்காரப் புழுதான் டாக்டரம்மா" என்றார். எனக்கு அந்த வாளிக்குள்ளேயே போய் விழுந்துவிடலாம் போல இருந்தது.

பிறகு நடந்தது ஆஸ்பத்திரி. அந்த இனப் பவளங்கள் அத்தனையையும் பெரிய தொட்டியிலிருந்து எடுத்துப் பின்னறையில் சேர்த்தோம், பெரிய தொட்டியில் மிச்சமிருக்கும் புழு தின்ன ஒன்றுமில்லாமல் சாகட்டும் என்று. ஐந்து நாளைக்கு ஒருமுறை மருந்துக் குளியல். மருந்துக்குப் புழு சாகும், முட்டை சாகாது. அதைக் கண்ணால் தேடிச் சுரண்டத்தான் வேண்டும். பல்லில் காறை எடுக்கும் என் கருவிகளை ஒரு செட் கொண்டுபோனேன். அவர் டார்ச் பிடிப்பார், நான் சுரண்டுவேன். அவர் மெல்ல, "வலிச்சா கைய தூக்குன்னு சொல்லுங்க அதுகிட்ட" என்பார். குற்றவாளி நான், சிரிக்கவும் முடியாது. பச்சைப் பவளத்தில் உள்ளங்கை அளவுதான் பிழைத்தது. வெட்டி எறிந்த மிச்சத்தை அவர் ஒரு துண்டில் சுற்றி எடுத்துப்போனதைப் பார்த்தேன்.

அடுத்த மாதக் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். காலாப்பட்டு பாஸ்கர் சார்தான் ஆரம்பித்தது. "இன்னா முசியே, நாப்பது நாளு எங்களுக்கு மட்டுந்தானா? உங்களுக்கு லீவா?" எல்லோரும் சிரித்தோம். ஆமாம், நானும் சிரித்தேன். முசியே தலையைச் சொறிந்துகொண்டு, "வயசாயிடுச்சில்ல, எண்ணிக்க தப்பிப்போச்சி" என்றார். வாழ்நாள் முழுக்க நோயாளிகளுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்த மனுஷன், எண்ணத் தெரியாதவன் என்று தானே சொல்லிக்கொண்டார். என் கையில் வடை இருந்தது. அதை முழுவதும் தின்று முடித்தேன், வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கூட்டம் முடிந்து வாசலில் வைத்து அவரிடம் மட்டும் சொன்னேன். "முசியே, நான் நாப்பது நாளு வெக்கல."

"தெரியும். நீங்க வெச்ச பவளத்துக்கு அடியில ஒட்டியிருந்த சிமெண்டு கட்ட பளிச்சுன்னு வெள்ளையா இருந்துச்சி. நாப்பது நாளு தண்ணியில கெடந்தா பாசி புடிக்காதா?"

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா உங்ககிட்ட இனிமே ஒரு துண்டு பவளம்கூட யாரும் வாங்க மாட்டாங்க. என்கிட்டன்னா ரெண்டு நாளு கிண்டல் பண்ணிட்டு மறுபடியும் வாங்குவாங்க. போங்க, போயி தூங்குங்க."

அவர் சொன்னபடியே நடந்தது. இந்த மூன்று வருடத்தில் மூன்று பேரும் என்னிடம் எத்தனை துண்டு வாங்கியிருக்கிறீர்கள், எண்ணிப் பாருங்கள். கேலி மட்டும் இரண்டு நாளில் நிற்கவில்லை, போன மாதம்வரை அவர் வாங்கிக்கொண்டிருந்தார். அது எனக்குச் சேர வேண்டியது. இனி என்னிடம் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மதாம் மகளோடு இருக்கப் பாரிசுக்குப் புறப்படுகிறார். பச்சைப் பவளத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். அது மறுபடியும் இரண்டு கை அகலத்துக்கு வளர்ந்திருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுதான். அவர் தொட்டியில் வளர்ந்தது, பூச்சி இருக்க வழியே இல்லை. ஆனாலும் அட்டை எழுதித் தனித் தொட்டியில்தான் வைத்திருக்கிறேன். நாள் முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிளை வெட்டித் தருவேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டுபோய் நேராகத் தொட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். சுத்தமாக இருக்கிறது என்று நான் சத்தியமே பண்ணினாலும் நம்பாதீர்கள். அந்த மனுஷனிடமே பொய் சொன்னவள் நான்.