சுழியோடியின் போத்தல்

பல் பிடுங்கும்போது போடுகிற விறைப்பு மருந்தைக் கணைய அழற்சி முற்றியவர்களுக்கு நாளத்தில் ஏற்றினால் நோ தணியுமா என்று எங்கள் வாட்டில் ஓர் ஆய்வு நடந்தது. வழமையான நோ மருந்து எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேலாகப் பாதிப் பேருக்கு விறைப்பு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் சேலைன். போத்தல்கள் ஒன்றுபோலவே இருக்கும். எதில் எது என்று டொக்டருக்கும் தெரியாது, தாதியான எனக்கும் தெரியாது. நோ பத்துக்கு எத்தனை என்று மணிக்கொருதரம் கேட்டு எழுதுவது என் வேலை. இந்தக் கண்கட்டு விளையாட்டு எனக்குப் பிடிக்கவேயில்லை.

இலங்கைத்துறையிலிருந்து ஒரு சுழியோடியைக் கொண்டுவந்தார்கள். கடலட்டை பிடிக்கக் கடலடிக்கு இறங்குகிறவர். வரும்போது "பத்து, பத்து" என்று கத்தினார். போத்தலை மாட்டி ஒரு மணித்தியாலத்தில் பூச்சியம் என்றார். வயிறோ பலகையாய் இறுகிக் கிடந்தது. அழுத்தினேன், முகம் சுளிக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது.

பிறகு மூச்சை அடக்கி அடக்கி விடத் தொடங்கினார். யன்னலுக்கு வெளியே துறைமுகம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. "இருட்டாக் கிடக்கு, மிஸ்" என்றார்.

கூட வந்திருந்த அவர் மனைவிதான் விளக்கினார். "ஆழத்தில இருந்து கெதியா வந்தா மூட்டெல்லாம் நோகும், மிஸ். திருப்பி இறக்கினா நோ போயிடும். பிறகு நிண்டு நிண்டு மேல எடுக்கவேணும், இல்லாட்டி ஆள் தப்பாது. இவர் இப்ப கீழ நிக்கிறன் எண்டு நினைக்கிறார்."

ஆய்வு விதிப்படி மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு ஆய்வுப் போத்தலை நிறுத்தவேண்டும். குழாயில் கை வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் நெடுநேரம் தண்ணீரில் ஊறியவைபோல் சுருங்கியிருந்தன.

"கெதியா எடுக்காதேங்கோ, மிஸ். நிண்டு நிண்டு எடுங்கோ."

"ஏலாது ஐயா, இரண்டு மணி எண்டா இரண்டு மணிதான்" என்று எரிந்து விழுந்தேன். ஒரேயடியாய் மூடினேன்.

மூன்று மணிக்குப் பத்து என்றார். பொழுதுபட முன்னரே உயிர் போய்விட்டது.

யாருக்கு எந்த மருந்து என்று எழுதி ஒட்டிவைத்திருந்த உறையை டொக்டர் பிரித்துப் பார்க்கச் செய்தார். சுழியோடிக்குப் போனது வெறும் சேலைன். "நிப்பாட்டினதால ஒண்டுமில்லை. வருத்தம் முத்திப்போச்சு" என்றார் டொக்டர். அது சரிதான். எனக்கும் தெரியும்.

வாசலில் மனைவி நின்றார். அழவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"மெதுவாத்தானே எடுத்தனீங்கள், மிஸ்?"

"ஓம் அக்கா" என்றேன். "நிண்டு நிண்டுதான்."