கொடுத்த குதிரையின் வாய்

தொழிற்சாலையில் கேக்கும் பூங்கொத்தும் தந்து என்னைப் பென்சனில் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, என் கதையைக் கேட்க ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தால் மனைவி தண்ணீர்க் குழாயைத் திறப்பாள். மகள்தான் வழி சொன்னாள், அதுவும் டெனிஷில்: குதிரைகளிடம் போய்க் கதையுங்கள் அப்பா, அவற்றைக் கட்டித்தான் வைத்திருப்பார்கள், ஓட முடியாது.

அப்படித்தான் நாங்கள் குடியேறிய விபோர்க் நகருக்கு வெளியே, அவள் சனிக்கிழமைகளில் உதவிக்குப் போகும் குதிரை நலச் சங்கத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். குதிரை என்றால் எனக்குப் பயம். ஆகவே, குதிரை வெளியே போன பிறகு சாணம் அள்ளும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அங்கே கோப்பி அறைச் சுவரில் ஒரு பழைய படம். எலும்பும் தோலுமான குதிரைகள் சேற்றில் பீரங்கி இழுக்கின்றன. போர் முடிந்ததும் பட்டாளம் கைவிட்ட குதிரைகளைப் பார்க்கச் சகிக்காதவர்கள் தொடங்கியதுதான் இந்தச் சங்கம் என்று பொறுப்பாளர் அம்மா சொன்னார். இப்போது உக்ரைனில் இருந்து, ஓடிவந்த மனிதர்களோடு குதிரைகளும் வந்திருந்தன. அகதி என்ற வகையில் அவற்றுக்கெல்லாம் நான் மூத்தவன் என்றொரு நினைப்பு எனக்கு.

அவற்றில் ஒரு செம்பட்டைப் பெண்குதிரை வைக்கோலை மென்று மென்று கீழே துப்பியது. நாளுக்கு நாள் விலா தெரிந்தது. அதனுடன் வந்த பெண் பக்கத்து ஊரில் ஓர் அறையில் இருந்தார். தினமும் சைக்கிளில் வந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பார். எனக்குத் தெரிந்த டெனிஷில் பாதிகூட அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததே பாதி.

மிருக வைத்தியர் வந்தார். வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்றார். எல்லார் முகமும் இறுகி இருந்தது. இந்த நேரத்தில் ஒரு பகிடி விட்டால் இளகும் என்று என் மூளை சொன்னது. மொழிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு இலக்கணம் ஏறவில்லை, பழமொழிதான் ஏறியது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நாங்கள் சொல்வதை, டெனிஷ்காரர் குதிரைக்குச் சொல்வார்கள். அதை எடுத்துவிட்டேன்: கொடுத்த குதிரையின் வாயைப் பார்க்கக் கூடாது, டொக்டர்.

வைத்தியர் சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு சொல் விளங்கியிருந்தது.

"குடுக்கேல்லை," என்றார் உடைந்த டெனிஷில். "என்ரை குதிரை. நான் குடுக்கேல்லை."

கயிற்றைப் பற்றிக்கொண்டு குதிரைக்கு முன்னால் நின்றுவிட்டார். சங்கத்திடம் விட்ட நாளிலிருந்து அவர் மனத்தில் கிடந்த பயம் அது: சாப்பாடு போடுகிறவர்களுக்கே குதிரை சொந்தமாகிவிடுமோ என்று. யாரையும் கிட்ட விடவில்லை. வைத்தியர் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார். குதிரை இன்னொரு நாள் பட்டினி. எல்லாம் என் வாயால்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி அன்று குழாயை மூடிவிட்டுக் கேட்டாள்.

"அந்த டொக்டர் முதல்லை உங்கடை வாயைத்தான் திறந்து பார்த்திருக்க வேணும்," என்றாள். பிறகு, "இடம்பெயரேக்கை எங்கடை பசுவைப் பக்கத்து வீட்டிலை விட்டிட்டு வந்தனாங்கள். அது குடுத்ததோ?"

இதைவிட நல்ல சமாதானம் ஏது? மறுநாள் வைத்தியருக்கு முன்னரே போய், அந்தப் பெண்ணிடம் கைச்சாடையும் டெனிஷுமாக விளக்கினேன். எங்களுக்கும் போர். எங்களுக்கும் பசு. விட்டுவிட்டு வந்தோம், கொடுக்கவில்லை. அவர் கவனமாகக் கேட்டார்.

"பிறகு பசு கிடைச்சதோ?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்றேன். பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று சொல்லியிருப்பேன்.

ஆறுதல் சொல்லப் போய் அவருடைய பயத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டு வந்து நின்றேன். அவர் என்னை விட்டுவிட்டு நேரே பொறுப்பாளர் அம்மாவிடம் போய், எழுதித் தாருங்கள் என்றார். அம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. லாயக் கதவில் தொங்கிய பலகையைக் கழற்றி, சொந்தக்காரர் என்று போட்டு அவர் பெயரை எழுதினார். கீழே ‘பென்சன்’ என்று எழுதினார். இன்னொருவர் லாயத்தில் தங்கிச் சாப்பிடும் குதிரையை இங்கே அப்படித்தான் சொல்வார்களாம். அந்தப் பெண் பலகையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு தன் கையாலேயே குதிரையின் வாயைத் திறந்து பிடித்தார். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. வைத்தியர் அரத்தால் ராவினார். நான் தூரத்தில், வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

குதிரை வைக்கோலை விழுங்கத் தொடங்கிய செய்தியை மனைவியிடம் கொண்டுபோனேன். அதுவும் என்னைப் போலப் பென்சனில்தான் இருக்கிறதாம் என்றேன்.

"அதையெண்டாலும் சொந்தக்காரி வந்து கூட்டிக்கொண்டு போவா," என்றாள். "உங்களை ஆரப்பா வந்து கூட்டிக்கொண்டு போறது?"