பற்றின் மேல் பூசிய திருநீறு

சளி பிடித்தால் எனக்கு மூக்கு ஒழுகுவதற்கு முன்னால் கோபம் வந்துவிடும். அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டில் மூன்று மூக்குகள் ஒழுகின. மகளுக்கு ஐந்து வயது, யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு ஒன்று. மூக்கடைப்பில் அவனால் பால் குடிக்க முடியவில்லை. வாயை வைப்பான், மூச்சு முட்டும், எடுத்துவிட்டு வீறிடுவான். இரண்டு நாளாக ஒருத்திக்கு நொச்சி இலை போட்டு ஆவி காட்டுவதும் இன்னொருவனைத் தோளில் போட்டு நடப்பதுமாக இருந்தேன். எனக்கும் காய்ச்சல் இருப்பதை யாரிடம் சொல்வது?

கணவர் விடிவதற்குள் வயலுக்குப் போய்விட்டார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விடாத மழை. நட்டுப் பத்து நாளான சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. வடிகாலை வெட்டிவிடாவிட்டால் மொத்தமும் அழுகிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. முடியாது என்பதாலேயே கோபம் இன்னும் ஏறியது.

மூன்றாம் நாள் காலை மகன் ஒருவழியாகத் தூங்கினான். மகளுக்கு உடம்பு அனலாக இருந்தது. சுக்கை இழைத்துச் சூடாக்கி நான் போட்ட பற்று அவள் நெற்றியில் காய்ந்து வெடித்திருந்தது. இவளும் பள்ளிக்கூடம் போய்விட்டால் இரண்டு மணி நேரம் படுக்கலாமே என்று தோன்றியது. பெற்றவளுக்குத் தோன்றக் கூடாததுதான். தோன்றியது.

காய்ச்சல் மருந்தைக் கொடுத்தேன். ஈரத்துணியால் பற்றைத் துடைத்தேன். பழுப்புக் கறை போகவில்லை. அதன் மேல் திருநீற்றை எடுத்துப் பட்டையாகப் பூசினேன். பார்க்கப் பக்திமயமாக இருந்தாள்.

"மிஸ் கேட்டா ஜுரம் இல்லன்னு சொல்லணும். என்ன?"

"சரிம்மா. நீ தூங்கப் போறியா?"

"ஆமா."

தலையாட்டிவிட்டு வேனில் ஏறினாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மகன் பக்கத்தில் விழுந்தேன்.

பதினோரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன். அலுவலக அறை பெஞ்சில் மகள் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் அவளுடைய மிஸ், என்னைவிடச் சின்னப் பெண், உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன்.

"காலையில நல்லாத்தாங்க இருந்தா."

மிஸ் மகளின் நெற்றியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வியர்வையில் திருநீறு கரைந்து ஓடியிருந்தது. அடியில் சுக்குப் பற்றின் தடம் அப்படியே தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஜுரமாடான்னு நாலு தடவ கேட்டேங்க. இல்லன்னே சொல்லுது. அம்மாவுக்கு போன் பண்றேன்னதும் என் கையப் புடிச்சுக்கிட்டு, பண்ணாதீங்க மிஸ்னு ஒரே அழுகை."

நான் ஏதோ முனகினேன். மூக்கைச் சிந்துவதுபோல் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டேன். சளி அன்று எனக்குச் செய்த ஒரே உதவி அது.

அவளுக்கு இப்போது பதினொரு வயது. இதெல்லாம் நினைவில்லை என்கிறாள். யாராவது நெற்றியில் பற்றுப் போட்டிருந்தால் நான் இன்றும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பி வரும்போது மடியில் ஒன்று, தோளில் ஒன்று. ஆட்டோவுக்குள் சாரல் அடித்தது. மகள் என் கையில் சாய்ந்துகொண்டாள்.

"நான் இல்லன்னுதாம்மா சொன்னேன். மிஸ்தான் கண்டுபுடிச்சிட்டாங்க."

அவள் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ நல்லாத் தூங்குனியா?"

நன்றாகத்தான் தூங்கியிருந்தேன்.