ஆ லியோங் கையால் ஒரு வாய்: பெட்டாலிங் தெருவிலிருந்து அம்பாங் வரை

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிரிக்பீல்ட்ஸில் ரிக்‌ஷா ஏறினேன். பெட்டாலிங் தெருவுக்கு ஒன்றரை மைல், கூலி பத்துக் காசு. லண்டன் போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதலாம், ஒன்றரை மைல் போனவனுக்கு என்ன எழுத இருக்கிறது என்று கேட்பீர்கள். பிறந்தது முதல் சைவம் தவிர வேறெதையும் தொடாத நான், நல்ல சீனச் சாப்பாடு தேடிக் கிள்ளான், காஜாங், அம்பாங் என்று நான்கு ஞாயிறு அலைந்திருக்கிறேன். எழுதாமல் விடுவேனா?

எல்லாம் ஆ லியோங்கால் வந்தது. செந்தூல் ரயில்வே பட்டறையில் அவன் தச்சன், நான் கிராணி. குமாஸ்தாவுக்கு இந்த மலாய் நாட்டில் அதுதான் பெயர். பதினோரு வருஷப் பழக்கம். பட்டறைத் தமிழர்களோடு வேலை செய்தே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவன், பேச்சின் கடைசியில் ஒரு சீன 'லா' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தீபாவளி, பொங்கல் எதுவும் அவன் இல்லாமல் எங்கள் வீட்டில் நடந்ததில்லை. என் மனைவி கோமதி வைக்கும் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சிக் குடிப்பான். நானோ அவன் அறையில் வெறும் தேநீரைத் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை.

அவன் ஊருக்கே திரும்புவதென்று முடிவு செய்தான். சிங்கப்பூர் வரை ரயில், அங்கிருந்து கப்பல், பிறகு காண்டன் பக்கம் ஏதோ ஒரு கிராமம். இனி வரப்போவதில்லை.

"கிராணி, உங்க வீட்ல நான் எவ்ளோ சாப்பிட்டிருக்கேன். நீங்க என் கையால ஒரு வாய் சாப்பிடல. நான் எப்படிப் போறதுலா?" என்றான்.

"சாப்பிடறேன்யா. ஆனா மாமிசம் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது" என்றேன்.

"பூ! சின்ன விஷயம்!" என்றான்.

அந்தச் சின்ன விஷயத்துக்குத்தான் நான்கு ஞாயிறு ஆயிற்று.

முதல் ஞாயிறு, நண்பகல். பெட்டாலிங் தெருச் சாப்பாட்டுக் கடை. வாசலில் தலைகீழாகத் தொங்கிய வாத்துகளைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆ லியோங் சமையற்காரரிடம் சீனத்தில் ஏதோ சொன்னான். எனக்குத் தெம்பு வரட்டும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயிலும் "சாயூர் சாஜா!" என்று ஒருமுறை கத்தினான். காய் மட்டும் என்று பொருள். பத்தே நிமிஷத்தில் பச்சைப் பசேலென்று கீரை வந்தது. கை நீட்டினேன். அதற்குள் ஒரு தண்டைக் கடித்துப் பார்த்த ஆ லியோங், "நிறுத்து, நிறுத்து!" என்று அலறினான். பன்றிக் கொழுப்பில் வதக்கியிருந்தார்கள். சமையற்காரருக்கு மகா கோபம். காய் கேட்டான், காயைத்தானே போட்டேன், கொழுப்பில்லாமல் மனுஷன் கீரை வதக்குவானா என்று அவர் கேட்டதை ஆ லியோங் மொழிபெயர்த்தான். அவர் பக்கம் நியாயம் இருந்தது. தேநீர் குடித்துவிட்டு வந்து சேர்ந்தேன்.

இரண்டாம் ஞாயிறு. காலை எட்டு மணி ரயிலில் மூன்றாம் வகுப்பில் கிள்ளான். இருபது மைல் சொச்சம், வழி முழுக்க ரப்பர் மரங்கள். அங்கே மீ என்கிற சேமியா போட்ட சூப் பிரமாதம் என்று ஆ லியோங் கேள்விப்பட்டிருந்தான். கடைக்காரர் ஹொக்கியன்காரர். இவனுடைய கன்டோனீஸ் அவருக்குப் புரியவில்லை, அவர் பேச்சு இவனுக்குப் புரியவில்லை. கடைசியில் இரண்டு சீனர்களுக்கு நடுவே நான் மலாயில் துபாஷியாக உட்கார்ந்தேன். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது! இறைச்சி போடாமல் ஒரு கிண்ணம் வந்தது, விலை ஐந்து காசு. வாசனை மூக்கைத் துளைத்தது. சந்தேகப்பட்டு, எதைக் கொதிக்கவைத்த தண்ணீர் என்று கேட்டேன். விடிந்ததிலிருந்து இறால் தலைகளைக் கொதிக்கவைத்த தண்ணீராம். "இறைச்சி இல்லையே, இறால்தானே!" என்றார் கடைக்காரர், கொஞ்சமும் கூசாமல். என் கிண்ணத்தையும் சேர்த்து ஆ லியோங்கே குடித்தான்.

மூன்றாம் ஞாயிறு, மாலை நான்கு மணி. பதினைந்து மைல் பஸ்ஸில் போய்க் காஜாங். சீனச் சாப்பாடு இல்லாவிட்டால் போகிறது, மலாய்ச் சாப்பாடாவது வாங்கித் தருகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனான். குச்சியில் கோத்த இறைச்சியைக் கரி நெருப்பில் விசிறிக்கொண்டிருந்த பெரியவரிடம் என் விரதத்தைச் சொன்னேன். நல்ல மனுஷர். சோற்றுக் கட்டியும் வெள்ளரிக்காயும் நறுக்கி, நிலக்கடலைக் குழம்பு ஒரு கிண்ணம் வைத்தார். தோய்த்தும் விட்டேன். அப்போது அவரே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். குழம்பில் காய்ந்த இறால் இடித்துப் போட்டிருந்ததாம். வெறும் சோற்றுக் கட்டியை மென்றேன். ஆ லியோங் இருபது குச்சி தின்றான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் ரயிலுக்கு எட்டு நாள்தான் பாக்கி.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. "அடுத்த ஞாயிறு எனக்குத் தோதுப்படுமோ என்னவோ, ஆ லியோங். இந்த வாரம் நவராத்திரி ஆரம்பம். ஒன்பது நாள் பூசை" என்றேன்.

"ஒன்பது நாளா?" அவன் நெற்றியில் அறைந்துகொண்டான். "எங்களுக்கும் ஒன்பது நாள்லா! எங்க ஒன்பதாம் மாசத்துல விரதம்! அம்பாங் கோவில்ல எல்லாரும் சாய்தான் சாப்பிடுவாங்க. மஞ்சக் கொடி கட்டின கடைல மாமிசம் கெடையாது, கொழுப்பு கெடையாது, ஒண்ணும் கெடையாது!"

சாய் என்றால் அவர்கள் பேச்சில் சைவம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அட பாவி! மூணு வாரமா இத ஏன்யா சொல்லல?"

"அது வேண்டுதல் சாப்பாடு, கிராணி. விருந்தாளிக்கு அதப் போடுவாங்களா? மானம் போயிடும்" என்றான், நிஜமாகவே வெட்கப்பட்டு.

நான்காம் ஞாயிறு. காலை ஒன்பது மணி. பூசையைக் கோமதியிடம் விட்டுவிட்டுக் கொசு பஸ் என்று பேர் எடுத்த குட்டி பஸ்ஸில் ஏறினேன். ஏழு பேர் உட்காரும் பஸ்ஸில் பதினோரு பேர். ஐந்து மைல், பத்துக் காசு. டிரைவர் தமிழர். என் நெற்றி விபூதியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களுமா சீனன் கோவிலுக்கு?" என்றார்.

"சாப்பிடப் போறேன் தம்பி."

"தைரியமா போங்க. இன்னிக்கு அம்பாங்ல பூனைக்குக்கூட மீன் கெடைக்காது!"

பத்து மணிக்கு இறங்கினேன். சாலையின் இரு பக்கமும் மஞ்சள் கொடிகள், ஊதுவத்திப் புகை, வெள்ளை உடுத்திய கூட்டம். ஆ லியோங்கும் வெள்ளையில் நின்றான். கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர முதல் நாளிலிருந்தே விரதமாம். மறுநாள் மாலை அவனுக்கு ரயில். கோவில் சமையற்கட்டை ஒட்டிய பந்திக் கூடத்துக்கு என்னை அழைத்துப் போனான். வாசலில் கரண்டியோடு நின்ற அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார்.

"சுத்தமா இருக்கீங்களான்னு கேக்கறாங்க" என்றான்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பொறந்ததுலேருந்து சைவம். ஏழு தலைமுறையா சைவம்னு சொல்லு!"

அவர் அசரவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார். "வெங்காயம்?" என்றான் ஆ லியோங்.

"காலைல... சட்னியில..."

"பூண்டு?"

"நேத்து ரசத்துல கொஞ்சம்..."

கரண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவர்கள் விரதத்தில் இரண்டுமே ஆகாதாம். ஏழு தலைமுறையும் ஒரு சட்னியில் போயிற்று! "உங்க சைவம் பாதி சைவமாம்" என்று ஆ லியோங் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் பகீரென்றது. பதினோரு வருஷமாக அவன் சாப்பாடு எனக்கு ஆகாது என்றிருந்தேன், இப்போது அவர்கள் பந்திக்கு நான் ஆகவில்லை.

"நீ உள்ள போய் சாப்பிடு. விரதம் இருந்தவன் நீதானே" என்றேன்.

அவன் கூடத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு என் தோளைத் தள்ளிக்கொண்டு தெருவோரத்தில் மஞ்சள் கொடி கட்டிய ஒரு கடையின் பலகையில் போய் உட்கார்ந்தான். "இங்க வெங்காயக் கிராணியும் சாப்பிடலாம்!"

பத்தரை மணி. சட்டியிலிருந்து வந்த வாசனையில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். நல்லெண்ணெய்! சாட்சாத் நம் நல்லெண்ணெய்! பயறு முளையும் கறுப்புக் காளானும் போட்டு வறுத்த மீ முதலில் வந்தது, தட்டு ஐந்து காசு. அடுத்து வந்த தட்டைப் பார்த்ததும் எனக்கு வியர்த்தது. பொன்னிறத் தோலோடு, துண்டு துண்டாக நறுக்கிய வாத்து.

"பயப்படாதீங்க. சோயா பால் ஆடை. அத மடிச்சு மடிச்சு பொரிச்சது" என்று சொல்லி ஒரு துண்டைத் தின்றான். தின்ற அதே சாப்பாட்டுக் குச்சியால் நல்ல துண்டாகத் தேடி எடுத்து என் கிண்ணத்தில் வைத்தான்.

எச்சில்! எங்கள் வீட்டில் பரிமாறும் கரண்டி இலையில் பட்டால் அதைக் கழுவாமல் அடுத்த இலைக்குப் போகமாட்டார்கள். இவர்கள் வழக்கத்திலோ விருந்தாளிக்குத் தன் குச்சியால் எடுத்து வைப்பதுதான் பெரிய மரியாதை. அது எனக்கும் தெரியும். வயிறு சரியில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் குச்சியைக் கீழே வைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகா! மேலே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, கடைசியில் லேசான தித்திப்பு. வைகுண்டம் தெரிந்தது. "இன்னொண்ணு வை!" என்று கிண்ணத்தை நீட்டினேன். ஆ லியோங் எழுந்து நின்று கடைக்கே கேட்கும்படி சீனத்தில் ஏதோ கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். "என்ன சொன்னே?" என்றேன். "கிராணி சாப்பிட்டுட்டார்னு சொன்னேன்" என்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கும் கண் கரித்தது, மறைக்கவில்லை. மீ மட்டும் மூன்று தட்டு காலி செய்தேன்.

ஒரு மணி பஸ்ஸில் வீடு திரும்பினேன். வெற்றி வீரன் மாதிரி நுழைந்த என்னை, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கோமதி கேட்டாள். பந்தியில் வெங்காயம் என்னைக் கவிழ்த்ததிலிருந்து நல்லெண்ணெய், காளான், ஆடை வாத்து வரை எல்லாம் சொன்னேன். கடைசியில், "அவன் எச்சிலையும் சாப்பிட்டேன்" என்றேன்.

அவள் சுண்டலுக்குத் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து பின்பக்கம் போனாள்.

பண்டிகைக்கு இலை போடுவோம். மற்ற நாளைக்கு எங்கள் வீட்டில் நீலக்கரை போட்ட எனாமல் தட்டுகள் ஆறு உண்டு. ஐந்து சமையலறை அடுக்கில் இருக்கும். ஒன்று மட்டும் பின்பக்க ஜன்னல் திட்டில் தனியாக இருக்கும். ஆ லியோங் வந்தால் அதில்தான் போடுவோம், கழுவித் திரும்ப அங்கேயே வைப்போம். அவன் ஒருநாளும் கேட்டதில்லை. நாங்களும் பேசியதில்லை.

"நாளைக்கு ரயிலுக்கு முன்ன அண்ணன இங்க சாப்பிட வரச் சொல்லுங்க. வெங்காயம், பூண்டு இல்லாம சமைக்கறேன்" என்றாள் கோமதி. அந்தத் தட்டைக் கொண்டுவந்து மற்ற ஐந்தோடும் சேர்த்துக் கழுவி, அடுக்கில் கவிழ்த்தாள். ஆறும் ஒரே மாதிரித் தட்டுகள். நாளை எது அவனுக்கு வரும், எது எனக்கு வரும் என்று இனி எங்களுக்கே தெரியாது.