நாமத்துக்கு முளைத்த மீசை

குளித்து, தலை துவட்டி, முடி காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் கோவர்தன் ஜன்னலுக்குப் போவார். மருந்து பாட்டில் அங்கே இருக்கும். சொட்டுக்குழாயை உள்ளே விட்டு, அதன் ரப்பர் தலையை அமுக்கி, கோடு வரைக்கும் மருந்தை இழுப்பார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கோட்டைத் துளி தாண்டியிருந்தாலும் திரும்ப பாட்டிலுக்குள் விட்டு மறுபடி இழுப்பார். உச்சியில் சொட்டுச் சொட்டாக விட்டு, மோதிர விரலால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். தேய்த்த கையோடு, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் திருமண் கட்டியைக் குழைத்து, அதே மோதிர விரலால் புருவ நடுவில் ஒரு வளைவு போட்டு, நெற்றியில் இரண்டு கோடுகளை ஏற்றுவார். நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். அதற்குப் பிறகு கை கழுவுவார்.

கும்மிடிப்பூண்டியில் ஒரே அறையில் இருந்ததால் இதை நான் தினமும் பார்த்தேன். என் மடியில் கவிதைப் புத்தகம் இருக்கும். ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான். மிச்ச நேரத்துக்கு கோவர்தன்.

தேர்வாய் கண்டிகையில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. பட்டையின் தடிமன் எள்ளளவு கூடினாலும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். "ஐயரே, கண்ணுக்கே தெரியலியே, விட்ரு" என்று லைனில் இருப்பவர்கள் கெஞ்சுவார்கள். "ஐயர் இல்ல, ஐயங்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த பட்டையை எடுப்பார். இப்படி இரண்டு விஷயத்திலும் திருத்தம் சொல்கிற ஆள்.

அவர் அப்பா மணவாளனுக்குத் திருவள்ளூர் கோயிலில் மடப்பள்ளி கைங்கர்யம். அவருக்கும் உச்சியில் முடி கிடையாது. ஆனால் முன்பக்கம் சிரைத்துப் பின்னால் குடுமி முடிந்தவருக்கு எது வழுக்கை, எது சிரைத்தது என்று யார் பிரித்துப் பார்ப்பார்கள்? அப்பா தப்பித்துவிட்டார். மகன் கிராப்பு வைத்தவர், மாட்டிக்கொண்டார்.

வைகாசியில் அத்திப்பட்டுப் பக்கத்து ஜாதகம் ஒன்று பொருந்திவந்தது. பெண் பெயர் மைத்ரேயி. மீஞ்சூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் டைப் பண்ணுகிறாள். ஆடி கழிந்து ஆவணியில் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். போட்டோ மட்டும் உடனே வேண்டும் என்றார்கள்.

கோவர்தனிடம் காலேஜ் கடைசி வருஷத்துப் படம் ஒன்று இருந்தது. தலை கருங்காடு. அதை அம்மா ஸத்யபாமாவின் போனுக்கு அனுப்பி, "இதையே அவாளுக்கு அனுப்பும்மா" என்றார். மறுநாள் அம்மா கூப்பிட்டார்.

"அனுப்பிட்டேன்டா. பொண்ணு பார்த்துட்டு சிரிச்சாளாம். பிடிச்சிருக்காம்."

போனை வைத்த கோவர்தனின் முகம் செத்துப்போயிருந்தது.

"எதைப் பாத்து புட்சிதுன்னு தெரியுதாடா? அந்த முடியை. ஆவணில நான் போய் நின்னா, பையன் எங்கே, அப்பாவை மட்டும் அனுப்பிருக்காளேன்னு கேப்பாங்க."

திருவள்ளூரில் தோல் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மினாக்ஸிடில் லோஷன் எழுதிக் கொடுத்து, காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்றார். பலன் தெரிய நாலு மாசம் ஆகும். ஆரம்பத்தில் கொஞ்சம் கொட்டும், பயப்படக் கூடாது. கோவர்தன் விரல் விட்டு எண்ணினார். வைகாசியிலிருந்து ஆவணிக்கு மூன்று மாசம்தான்.

அம்மா தன் பங்குக்கு, ஜாதகம் வருவதற்கு முன்பே, சித்திரையில் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வைத்திருந்தார். உடம்பில் மரு, கட்டி வந்தால் அங்கே கரைப்பது வழக்கம். வழுக்கைக்குக் கூடவா என்று மகன் கேட்டதற்கு, "அதுவும் தோல்தானேடா" என்றார். படிக்கட்டில் குனிந்து இவர் கரைத்ததை அம்மா போனில் படமும் எடுத்துக்கொண்டிருந்தார். பெருமாளுக்கு சாட்சி வேண்டுமாம்.

மருந்து ஆரம்பித்த மூன்றாம் வாரம் தலையணை கறுத்தது. அவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஜாரில் இஜாஸ் பாய் மெடிக்கலுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பாய் பழவேற்காட்டுக்காரர், கடைக்கு வருகிற எல்லோருடைய உடம்பும் அவருக்கு மனப்பாடம்.

"பாய், இன்னா இது? முடி வளர மருந்து கேட்டா முடி கொட்ற மருந்து குடுத்துகிறீங்க?"

"சாமி, பொறுமையா கேளு. பழைய குடித்தனக்காரன் காலி பண்ணாத்தான் புது ஆளு வருவான்."

"காலி பண்ணிட்டானுங்க பாய். புதுசா ஒருத்தனும் அட்வான்ஸ்கூட குடுக்கல."

பாய் சிரித்தார். கோவர்தன் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் என்னிடம் கணக்குப் போட்டுச் சொன்னார். லைனில் அவசர ஆர்டர் வந்தால் என்ன செய்கிறோம்? மெஷின் வேகத்தைக் கூட்டுகிறோம். தலையும் ஒரு லைன்தான். ஒரு மில்லி நாலு மாசத்தில் செய்வதை மூன்று மில்லி ஒன்றரை மாசத்தில் முடித்துவிடும். வேளைக்கு மூன்று மில்லி, காலை, ராத்திரி போக மத்தியானமும் ஒரு வேளை.

"டாக்டர் ஒரு சொட்டு கூடாதுன்னாருண்ணா" என்றேன்.

"டாக்டருக்கு பொண்ணு பாக்கற தேதி இல்லடா" என்றார்.

ரப்பர் பட்டைக்கு எள்ளளவு விடாத மனிதர் தன் தலைக்கு மூன்று மடங்கு விட்டார். ஆனால் ஒவ்வொரு மில்லியையும் இடது கண்ணை மூடிக்கொண்டு சரியாகக் கோட்டுக்கு அளந்துதான் விட்டார்.

மாசத்துக்கு வர வேண்டிய பாட்டில் வாரத்தில் காலியானது. பாய் நெற்றியைச் சுருக்கினார்.

"எத்தினி பேரு சாமி போடறீங்க?"

கோவர்தன் என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "இவனும் போடறான் பாய்."

பாய் என் தலையைப் பார்த்தார். எழுந்து நின்று இன்னொரு தரம் பார்த்தார். "இவுரா? இவுரு தலையில சீப்பு வுட்டா சீப்பு திரும்பி வராதே" என்றார். நான் கண்ணாடி அலமாரிக்குள் இருந்த இருமல் டானிக்கைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் உடம்பு பேச ஆரம்பித்திருந்தது. கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்குக் கீழே பொதபொதவென்று வீங்கியிருந்தது. நெஞ்சு, எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டிய லாரி மாதிரி ஓடியது. நான் சொன்னபோதெல்லாம், "கல்யாணக் கவலைடா, ஆம்பளைங்களுக்கும் வரும்" என்றார்.

ஆவணி பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னால், ஷிஃப்ட் முடிந்து வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது.

"ண்ணா, நாமம் போகலண்ணா."

சோப்புப் போட்டுத் தேய்த்தார். "இப்ப?"

"இன்னும் கீது."

"வெள்ளையாவா?"

"இல்லண்ணா. கறுப்பா."

விரலால் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. ஓடிப்போய் ஷேவிங் கண்ணாடியை எடுத்துவந்து வெயிலில் பிடித்தார். புருவ நடுவில் ஒரு வளைவு, அதிலிருந்து மேலே இரண்டு கோடுகள், பூனைமுடியாக, கருகருவென்று. தலைக்கு வர வேண்டியதெல்லாம் முகவரி மாறி நெற்றியில் இறங்கியிருந்தது. அதிலும் ஒரு ஒழுங்கு. கோட்டை விட்டு ஒரு முடி வெளியே வரவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று நினைத்தேன்.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கு பாத்தியா" என்றார். பிறகுதான் உட்கார்ந்தார்.

இஜாஸ் பாய் கடையில் கர்சீப்பை நெற்றியிலிருந்து எடுத்ததும் பாய் "யா அல்லாஹ்" என்றார். பிறகு பாட்டிலோடு வருகிற காகிதத்தை எடுத்து, பொடி எழுத்தில் ஒரு இடத்தை நகத்தால் அழுத்திக் காட்டினார்.

"மருந்து போட்டதும் கையைக் கழுவுன்னு போட்டுகிறான். நீ கையைக் கழுவாம நெத்தியில கோலம் போட்டுகினு இருந்துகிற. மருந்துக்கு இன்னா தெரியும், இது தலை, இது நெத்தின்னு? தொட்ட எடத்துல மொளைக்கும்."

"பாய், நெஞ்சும் படபடன்னு..."

பாய் பிரஷர் மெஷினைக் கையில் கட்டி ஊதினார். நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு. கோவர்தன் உண்மையைச் சொன்னார், வேளைக்கு மூன்று மில்லி, மூன்று வேளை.

"சாமி, இது பிரஷர் மாத்திரையா இருந்த மருந்துபா! அதைப் போயி தயிரு மாதிரி ஊத்திக்கினியா? முடி வர்றதுக்கு முன்னால ஆளு போயிடுவியேபா!" பாய்க்கு உண்மையிலேயே கோபம். அங்கேயே டாக்டருக்கு போன் போட வைத்தார். போன் கோவர்தன் காதில் இருந்தபோதும் டாக்டர் திட்டியது எங்களுக்குக் கேட்டது. உடனே நிறுத்த வேண்டும், மறுநாள் காலையில் நேரில் வந்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், நெற்றி முடி சில மாசத்தில் தானாக உதிரும், படபடப்பு ஓரிரு நாளில் அடங்கும்.

எடுத்தார்கள். நல்லவேளையாக ஒன்றுமில்லை. படபடப்பும் அடங்கியது.

நெற்றி அடங்கவில்லை. பெண் பார்க்கப் போக இரண்டு நாள் இருக்கும்போது ஷேவ் செய்தார். அன்றைக்கு மறைந்தது. ஞாயிறு காலையில் பார்த்தால் குச்சி குச்சியாக நின்றது. வேறு வழியில்லாமல் அதன்மேலேயே திருமண்ணை அப்பினார். ஒன்று, அதன்மேல் இன்னொன்று, சுவருக்குப் பட்டி பார்க்கிற மாதிரி. தைரியத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

மைத்ரேயியின் அப்பா ராமஸ்வாமி அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டர்பைனை விட்டு வந்த பிறகும் அதன் சத்தத்தை மிஞ்சித்தான் பேசுவார். வாசலிலேயே கோவர்தனின் நெற்றியைப் பார்த்து அசந்துபோனார்.

"ஆஹா! இந்தக் காலத்துல இப்படி ஒரு திருமண்! ஃபேக்டரிக்கும் இப்படித்தான் போறேளா?"

"போறேன் மாமா" என்றார் கோவர்தன், தலையை அசைக்காமல். அசைத்தால் உதிரும்.

ஸத்யபாமா மாமிக்கு மகனின் திடீர் பக்தி புரியவில்லை. ஆனாலும் பெருமையாக உட்கார்ந்திருந்தார். சொஜ்ஜி, பஜ்ஜி வந்தது. மைத்ரேயி நமஸ்காரம் செய்துவிட்டு, கோவர்தனின் தலையை ஒரு தரம், நெற்றியை இரண்டு தரம் பார்த்தாள். பேசிவிட்டு வாருங்கள் என்று மாடிக்கு அனுப்பினார்கள். "துணைக்கு இந்தத் தம்பியும் போகட்டுமே!" என்று ராமஸ்வாமி கத்தியதால் நானும் போனேன். மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதில் எழுதியிருந்த லிட்டர் கணக்கைப் படித்துக்கொண்டு நின்றேன்.

வெயில் சுளீரென்று அடித்தது.  பிறகு மைத்ரேயியின் குரல்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டேளே?"

"கேளுங்கோ."

"உங்க நாமத்துக்கு மீசை முளைச்சிருக்கே."

நான் திரும்பிவிட்டேன். தடிமனாக அப்பிய மண் வெயிலில் காய்ந்து வெடித்து, வெடிப்பு வழியாகக் குச்சி முடிகள் எட்டிப் பார்த்தன. கோவர்தன் கர்சீப்பை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காலேஜ் போட்டோ, மூன்று மில்லி, கழுவாத விரல், நூற்றுப் பதினெட்டு.

மைத்ரேயி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்கோ" என்றார் கோவர்தன். "போட்டோல இருந்த முடி இப்ப இல்லை. கீழே போய் நானே சொல்லிடறேன்."

சிரிப்பு நின்றது. அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "போட்டோல எவ்ளோ இருந்துதோ அவ்ளோதான் இருக்கு" என்றாள்.

நல்ல மனசுக்காரி, சமாளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்தப் படபடப்பு இப்பவும் இருக்கா?" என்று கேட்டாள்.

"இப்ப ஜாஸ்தியா இருக்கு."

"மருந்தை நிறுத்தியாச்சுன்னேளே?"

"நிறுத்தி ஒன்பது நாளாச்சு."

அவள் தெருவில் போன மாட்டைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் தொட்டிக்குத் திரும்பினேன். ஆயிரம் லிட்டர்.

தையில் கல்யாணம். அதற்குள் நெற்றி முடி உதிர்ந்துவிட்டது. டாக்டர் மறுபடி அனுமதித்த பிறகு ஒரு மில்லி, இரண்டு வேளை. மருந்துக்கும் திருமண்ணுக்கும் நடுவில் சோப்புப் போட்டுக் கை கழுவல். மைத்ரேயி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். உச்சியில் கொஞ்சம் புல் வந்திருக்கிறது, ஆடு மேய்ந்த மிச்சம் மாதிரி. மாமனார் வருகிற நாளில் மட்டும் பழைய தடிமனுக்குத் திருமண் அப்ப வேண்டியிருக்கிறது. மெல்லிசாக இட்டால், "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி விசாரிக்கிறார்.

போன மாசம் அவர்கள் வீட்டுக்குக் காபிக்குப் போயிருந்தேன். பேச்சு எப்படியோ அந்தக் காலேஜ் போட்டோவுக்கு வந்தது. "எந்தக் காலேஜ் போட்டோ?" என்றாள் மைத்ரேயி. போனைத் தேடி, வைகாசியில் மாமியார் அனுப்பிய படத்தை எடுத்துக் காட்டினாள். ஸத்யபாமா மாமியின் விரல் அடுத்த படத்தில் பட்டிருக்கிறது. குளத்துப் படிக்கட்டு. குனிந்து வெல்லம் கரைக்கிற ஒரு மனிதன். முகமே இல்லை. படம் முழுக்க வெயிலில் மின்னுகிற உச்சந்தலை.

ராமஸ்வாமி அன்றைக்கு, "பையன் முகமே தெரியலையேம்மா!" என்றாராம். "அதை நேர்ல பாத்துக்கலாம்ப்பா, மிச்சமெல்லாம் தெரியறதே" என்றாளாம் மைத்ரேயி.