யாரும் சாக முடியாத பதுங்குகுழி

1998 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு இருபது. சமையலறை ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது என் குழிக்கரண்டியை. ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பேர்லேண்ட் களிமண்ணில் பாதி புதைந்திருந்தது. அதன் மறுமுனையில் என் மகள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. முதல் உலகப்போரின் பதுங்குகுழி ஒன்றை மாடலாகச் செய்து திங்கட்கிழமை பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். சிப்பாய்கள் அதற்குள் எப்படி வாழ்ந்தார்கள், எதனால் நோயில் விழுந்தார்கள் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். இதில் A வாங்கினால்தான் அடுத்த வருடம் நன்றாகப் படிப்பவர்களுக்கான ஹானர்ஸ் வகுப்பு. அவளுடைய தோழிகள் எல்லாருக்கும் அங்கே ஏற்கெனவே இடம் கிடைத்துவிட்டது.

மதியத்துக்குள் முடித்துவிட்டாள். ஏதோ விருந்துக்குப் புளியோதரை வந்த பெரிய அலுமினிய ட்ரேயில் சேற்றுக் குழி. பிளாஸ்டிக் சிப்பாய்களுக்கு முழங்கால் வரை பழுப்புத் தண்ணீர். சாப்பாட்டுப் பெட்டியை ஒட்டியே கழிவறை. புளியை உருட்டி, நூலில் வால் வைத்து எலிகள். சட்டைகளில் கசகசாவை ஒட்டியிருந்தாள். அவை பேன்கள். பார்க்க அருவருப்பாக, அதாவது சரியாக, இருந்தது. பின்பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு வயலின் வகுப்புக்குப் போனாள்.

அன்று மாலை எங்கள் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. முதலில் வந்தவர் மழைநீர் வடிகால் எஞ்சினியர். ட்ரேயைக் குனிந்து பார்த்தார்.

"யாருங்க டிசைன் பண்ணது? தண்ணி போக வழியே இல்லையே."

"என் பொண்ணு," என்றார் என் கணவர். "ஸ்கூல் ப்ராஜெக்ட்."

"ஸ்கூல் ப்ராஜெக்ட்னா தப்பா இருக்கலாமா?"

அடுத்து வந்தவர் தொற்றுநோய் டாக்டர். "சாப்பாட்டுக்குப் பக்கத்துல டாய்லெட்டா? ஒரே வாரத்துல எல்லாருக்கும் சீதபேதி."

என் கணவர் ஒரு கெமிக்கல் ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. அவர் போய் அளவு டேப்பை எடுத்துவந்தார்.

"அது அப்படித்தாங்க இருக்கணும்," என்றேன். மூவரும் தலையாட்டினார்கள். யாரும் நிமிரவில்லை.

மகள் திரும்பியபோது ட்ரேயின் அடியில் துளை போட்டு ஸ்ட்ரா சொருகியிருந்தது. தரை சரிவாக இருந்தது, அதன்மேல் ஐஸ்க்ரீம் குச்சிகளில் நடைபாதை. கழிவறை காற்றடிக்கும் திசை பார்த்து மறு கோடிக்குப் போயிருந்தது. சட்டைகளில் ஒரு கசகசா இல்லை. காய்ச்சல்காரன் ஒருவனை டாக்டர் தனியாக சோப்புப் பெட்டியில் படுக்கவைத்திருந்தார். எலிகளைக் காணோம். "இவ்வளவு நல்ல புளிய யாரு வெளில போட்டது?" என்று ஒரு ஆன்ட்டி ரசத்துக்கு ஊறவைத்துவிட்டார்.

மகள் சுற்றி வந்து பார்த்தாள். "டாட்! நோபடி கேன் டை இன் திஸ்!"

"அதானேம்மா வேணும்?" என்றார் டாக்டர்.

அவள் ஒரு ஜக் தண்ணீரை எடுத்து ஊற்றினாள். வடிந்துவிட்டது. இன்னொரு ஜக். அதுவும் வடிந்துவிட்டது.

"பாத்தியா?" என்றார் எஞ்சினியர். "நம்ம ஹூஸ்டன்ல இப்படி வடியிற தெரு ஒண்ணு கிடையாது."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "ஐ நீட் தெம் சிக், அங்கிள்."

முதலில் டாக்டருக்குத்தான் புரிந்தது. "அழாதம்மா. சிக்தானே? பண்ணிடலாம்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. "கால்லேந்து ஆரம்பிப்போம். ஈர சாக்ஸோட நாள் பூரா நின்னா முதல்ல விரல் வெளுத்து ஊறும். அப்புறம் மரத்துப்போகும். அப்புறம் நீலம், கருப்பு. சில பேருக்கு வெட்டி எடுக்கணும். அதுக்குத்தான் தினம் ஒருத்தன் கால இன்னொருத்தன் பாத்து எண்ணெய் தேய்ச்சு விடணும்னு ஆர்டரே இருந்தது."

"வீட்ல எனக்குக் கால் வலின்னா ரெண்டு டைலனால் மாத்திரை, அவ்வளவுதான்," என்றார் அவர் மனைவி.

சிப்பாய்களின் பூட்ஸை பிளேடால் சீவி, என் நெயில் பாலிஷால் விரல்களுக்கு நோய் தந்தார்கள். கசகசா திரும்ப வந்தது, டாக்டர் சொன்னபடி சட்டை மடிப்புகளில் மட்டும். மிச்சப் புளியில் எலிகள் சற்று மெலிந்து பிறந்தன. ஸ்ட்ராவைப் பிடுங்க மட்டும் எஞ்சினியருக்கு மனம் வரவில்லை. வாயைக் களிமண்ணால் அடைத்து, மேலே சேற்றைப் பூசினார்.

ஞாயிறு முழுக்கத் தண்ணீர் நின்றது. திங்கட்கிழமை நான் காரை ஓட்டினேன். பள்ளி பார்க்கிங்கில் பின்கதவைத் திறந்தபோது சீட் நனைந்திருந்தது. பதுங்குகுழி காய்ந்திருந்தது.

மகள் குனிந்து பார்த்தாள். இடது ஷூவைக் கழற்றி, சாக்ஸை உருவி, ஸ்ட்ராவின் வாயில் திணித்தாள். தன் தண்ணீர் பாட்டிலை முழுக்க ஊற்றினாள். பாதி குழிக்குள் போனது, பாதி வழிந்து கீழே இருந்த ஷூவுக்குள். வெறுங்காலை அதற்குள் நுழைத்துக்கொண்டு, ட்ரேயைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

A கிடைத்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினாள். இடது கால் விரல்கள் ஐந்தும் வெளுத்து ஊறியிருந்தன.